கல்லில் இருந்த தேதியைக் காலண்டருக்குக் கொண்டு வந்தவர்

காலண்டர் அழைப்பை மெயிலோடு இணைத்து அனுப்பும் நிரலை எழுதிப் பார்த்த யாருக்கும் ஒரு பிழைச் செய்தி நல்லாவே பழக்கம். ஐசிஎஸ் கோப்பைத் தயார் பண்ணி, நினைவகத்தில் ஒரு ஸ்ட்ரீமாக வைத்து, இணைப்பாக அனுப்பப் போனால் பைதான் வழிமறிக்கும்: எனக்கு பைட் வேணும், நீ தந்தது ஸ்ட்ரிங். ஜாவாவிலும் இதே கதைதான். ரீடர் வேறு, இன்புட் ஸ்ட்ரீம் வேறு. ஒன்று கேட்கும் இடத்தில் இன்னொன்றைக் கொடுத்தால் கம்பைலரே அனுமதிக்காது.

இந்த இதழில் நாம பார்க்கப் போறவர் கணினியைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. 1925-லேயே காலமாகிவிட்டார். ஆனால் ஒரு வகைத் தேதியை இன்னொரு வகை என்று தப்பாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அவரை மாதிரி ஆழமாக யோசித்தவர் தமிழ்நாட்டில் குறைவு. பெயர் லூயிஸ் டொமினிக் சுவாமிக்கண்ணுப் பிள்ளை. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை என்றால் கல்வெட்டுத் துறையில் உடனே தெரிந்துகொள்வார்கள். அவரிடம் போகும் முன்னால் அந்தப் பிழையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். அது புரிந்தால் அவர் செய்த வேலையின் அருமையும் புரியும்.

பைட்டா, எழுத்தா?

ஐசிஎஸ் கோப்பைத் திறந்தால் நமக்குத் தெரிவது எழுத்து. வலையில் போவதோ பைட். எழுத்தை பைட்டாக மாற்ற ஒரு விதி வேண்டும். இப்போது பெரும்பாலும் அது யூடிஎஃப்-8. அந்த விதிப்படி ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேணும்.

நம்ம ஏரலையே எடுத்துக்குவோம். 'ஏரல் ஆடி அமாவாசை திருவிழா' என்று ஒரு நிகழ்வைக் காலண்டரில் போடுறோம். கண்ணுக்குத் தெரிவது 13 எழுத்து. யூனிகோடில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால் அது 22 குறியீடு. பைட்டில் 66. நடுவில் 3 இடைவெளி, ஆக 69. முன்னால் வரும் சம்மரி என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் 8 பைட். மொத்தம் 77.

ஐசிஎஸ் கோப்புக்கான விதி ஆர்எஃப்சி 5545 என்ற ஆவணத்தில் இருக்கிறது, 2009-ல் வந்தது. அதன்படி ஒரு வரி 75 பைட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வரியை மடித்து, அடுத்த வரியை ஓர் இடைவெளியோடு ஆரம்பிக்கணும். நம்ம வரி 77. கண்ணை மூடிக்கிட்டு 75-ல் வெட்டினால், கடைசியில் இருக்கும் 'ழா'வின் கால் இரண்டாக உடையும். ஒரு பைட் முதல் வரியில், மீதி 2 பைட் அடுத்த வரியில். பெறுகிற நிரல் மடிப்பைப் பிரித்து ஒட்டுவதற்கு முன்னாடியே எழுத்தாக மாற்றப் போனால், திருவிழா 'திருவிழ' ஆகி, பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி வந்து உட்காரும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த நிரலில் இது தெரியவே தெரியாது.

இதில் இரண்டு வகைப் பிழை இருப்பதைக் கவனிங்க. ஸ்ட்ரிங் தந்தாய், பைட் வேணும் என்று பைதான் சத்தம் போட்டு நிறுத்துவது முதல் வகை. அது நல்ல பிழை. ஐந்து நிமிடத்தில் சரி பண்ணிடலாம். இரண்டாம் வகை சத்தமே போடாது. எல்லாம் ஓடும், மெயில் போய்ச் சேரும், ஆனால் உள்ளே இருக்கும் விஷயம் தப்பு. நேர மண்டலம் குறிக்காத நிகழ்வு ஐந்தரை மணி நேரம் தள்ளிப் போய் நிற்பது இந்த வகை. எந்த எச்சரிக்கையும் வராது.

சுவாமிக்கண்ணுப் பிள்ளை வாழ்நாளெல்லாம் மோதியது இந்த இரண்டாம் வகையோடுதான். அவருடைய கோப்பு கல்வெட்டு. கல் பிழைச் செய்தி காட்டாது.

யார் இவர்?

1865-ல் ஒரு ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., பி.எல்.; லண்டன் பல்கலைக்கழகத்தில் எல்எல்.பி. அரசுப் பணியில் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தார். சென்னை மாகாணத்தில் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளராக இருந்தார். இரட்டை ஆட்சி வந்த பிறகு மாகாணச் சட்டமன்றத்தின் செயலாளராகவும், பின்னர் அதன் தலைவராகவும் ஆனார். அந்தப் பதவியில் சர் பி. ராஜகோபாலாச்சாரிக்கு அடுத்து வந்த இரண்டாம் தலைவர் இவர். திவான் பகதூர் பட்டமும் உண்டு.

அலுவலக வாழ்க்கையைச் சொன்னால் இவ்வளவுதான். ஒரு பெரிய அதிகாரி, அவ்வளவே. இவரை இன்னைக்கும் நினைக்க வைப்பது அலுவலக வேலைக்கு நடுவில் செய்த இன்னொரு வேலை. 1911-ல் இந்தியக் காலக்கணிதம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நடைமுறைக் கையேடு வெளியிட்டார். 1922-ல் சென்னை அரசு அச்சகம் வழியாக இவருடைய பெரிய நூல், 'இந்தியன் எஃபிமெரிஸ்', பல தொகுதிகளாக வந்தது. கி.பி. 700-லிருந்து 2000 வரை ஒவ்வொரு நாளுக்கும் ஆங்கிலத் தேதி, சூரிய மாதத் தேதி, சந்திர மாதம், திதி முடியும் நேரம், நட்சத்திரம் முடியும் நேரம், அதோடு சகம், விக்கிரமம், கலியுகம், கொல்லம், ஹிஜ்ரி ஆண்டுகள். எல்லாம் அட்டவணையாக.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1300 வருடம் என்றால் சுமார் 4 லட்சத்து 75 ஆயிரம் நாள். திதி முடிவும் நட்சத்திர முடிவும் சேர்த்தால் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள். எக்செல் இல்லாத காலம். ஒவ்வொரு எண்ணும் கையால் கணக்கிட்டு, கையால் அச்சுக் கோத்து, கண்ணால் பிழை பார்த்து வெளிவந்தது.

ஒரு கத்தோலிக்கர் ஏன் திதியும் நட்சத்திரமும் கணக்குப் பண்ணினார் என்று சிலருக்குத் தோணலாம். ஈஸ்டர் தேதி எப்படி வருகிறது என்று யோசித்தால் அந்தக் கேள்வி பாதி கரைந்துவிடும். மார்ச் 21-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். சூரியனையும் சந்திரனையும் ஒரே கணக்கில் கட்டிப்போடும் பிரச்சினை பல மதங்களுக்கும் பொது.

ஒரு தேதிக்குள் எத்தனை வகை?

இப்போ பிரச்சினைக்கு வருவோம். பழைய ஆவணத்தில் தேதி என்று இருப்பது ஒரே வகை டேட்டா கிடையாது.

முதலில் ஆண்டின் பெயர். பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர் சுற்றிச் சுற்றி வரும். வெறும் 'கீலக வருஷம்' என்று எழுதியிருந்தால் அது 1908-ஆ, 1848-ஆ, 1968-ஆ? நூற்றாண்டை விட்டுவிட்டு ஆண்டைக் கடைசி 2 இலக்கத்தில் சேமித்ததால் 2000 வரும்போது உலகமே ஒய்2கே என்று பதறியதே, அதே நோய்தான். இதில் 100-க்குப் பதிலா 60.

அடுத்தது கொல்லம் ஆண்டு. இது நம்ம பக்கத்துக்கு ரொம்ப நெருக்கம். கி.பி. 825-ல் தொடங்கியது. கேரளத்திலும் திருநெல்வேலிச் சீமையிலும் புழக்கத்தில் இருந்தது. வட மலபாரில் கன்னி மாதம் பிறக்கும்போது ஆண்டு மாறும். தென் மலபாரில் சிங்க மாதத்தில் மாறும். நம்ம தாமிரபரணிக் கரையில் அதே சிங்க மாதத்துக்கு ஆவணி என்று பெயர். ஆக இங்கே கொல்லம் ஆண்டுக்கு ஆவணி முதல் மாதம், ஆடி கடைசி மாதம். சித்திரையில்தான் புது வருஷம் என்று பழகினவர்கள் கொல்லம் ஆண்டையும் சித்திரையிலேயே மாற்றிவிட்டால், நாலு மாதத் தேதிகள் முழுக்க ஒரு வருஷம் தள்ளிப் போயிரும். பிழைச் செய்தி எதுவும் வராது. பத்திரம் பாட்டுக்குப் பத்திரமாக இருக்கும்.

ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி மறைந்த நாளை எடுத்துக்குவோம். 1880-ல் பிறந்து, இளம் வயதிலேயே ஏரலுக்குச் சேர்மனாக இருந்து, ஆடி அமாவாசையன்று மறைந்தவர். இன்னைக்கும் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ஏரலில் கூடும் கூட்டம் எல்லாருக்கும் தெரியும். அந்த நாள் ஆடி 13, செவ்வாய்க்கிழமை. ஆங்கிலத்தில் 1908 ஜூலை 28. தமிழ் ஆண்டு கீலக. கொல்லம் ஆண்டு? ஆவணி இன்னும் பிறக்கவில்லை, அதனால் 1083. மூணு வாரம் கழித்துப் பார்த்தால் 1084. தமிழ் ஆண்டோ அதே கீலகதான். ஒரே ஊர், ஒரே மழைக்காலம், இரண்டு எண்ணிக்கை, இரண்டு வேறு இடத்தில் மாறுது.

மூன்றாவது வகை இன்னும் சிக்கல்: ஆட்சி ஆண்டு. பாண்டியர் கல்வெட்டில் 'இன்ன மன்னருக்கு யாண்டு 7' என்று இருக்கும். எதிலிருந்து 7? அவர் பட்டத்துக்கு வந்த நாளிலிருந்து. அது எந்த நாள்? கல்லில் இல்லை. நிரல் மொழியில் சொன்னால் ஆஃப்செட் இருக்கு, பேஸ் அட்ரஸ் இல்லை. போதாக்குறைக்கு சடையவர்மன், மாறவர்மன் என்ற பட்டங்கள் மாறி மாறி வரும். சுந்தர பாண்டியன், வீர பாண்டியன், குலசேகரன் என்ற பெயர்களிலும் பல பேர். ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பாண்டியர்கள் ஆண்டதும் உண்டு. ஒரே பெயரில் நாலு மாறி, எதுக்கும் ஆரம்ப மதிப்பு இல்லை என்றால் எப்படி டீபக் பண்ணுவீங்க?

நாழிகையை தசமத்துக்கு மாற்றியது

இவருக்கு முன்னாடி யாரும் முயற்சி பண்ணவில்லை என்று இல்லை. 1825-ல் சென்னையில் ஜான் வாரன் என்பவர் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். அதில் புதுச்சேரியில் பார்த்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுதுகோல் இல்லாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லி, 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடையே வந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டார் அவர். கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் மட்டுமே வித்தியாசம்.

அந்த வாக்கியங்கள் என்ன தெரியுமா? சந்திரன் வேகம் கூடிக் குறையும் சுற்று 9 தடவை முடிய 248 நாள் ஆகும். அந்த 248 நாளுக்கும் நாளுக்கு ஒரு சொற்றொடர். அதன் எழுத்துகளே எண்கள். இன்னைக்கு நாம லுக்கப் டேபிள் என்று சொல்வதுதான். நம்ம ஊர் வாக்கியப் பஞ்சாங்கத்தின் பெயரே அதிலிருந்து வந்தது.

1896-ல் ராபர்ட் சூவெலும் சங்கர பாலகிருஷ்ண தீட்சிதரும் சேர்ந்து இந்திய நாட்காட்டி பற்றிய பெரிய நூலை வெளியிட்டார்கள். ஜெர்மன் அறிஞர்கள் கீல்ஹார்னும் யாக்கோபியும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தேதிகளைக் கணக்கிட்டார்கள். ஆனால் எல்லாரும் செய்தது ஒவ்வொரு கல்வெட்டுக்கும் தனித்தனிக் கணக்கு. வானியலும் கணிதமும் தெரிந்தால்தான் கை வைக்க முடியும்.

சுவாமிக்கண்ணுப் பிள்ளை இதை மாற்றினார். அவர் எடுத்த முடிவுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று: நாழிகை, விநாழிகையை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் நாளின் தசமப் பின்னமாக எழுதியது.

ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். ஐரோப்பியருக்கு 24 மணி, 60 நிமிடம். இரண்டையும் கலந்து கூட்டிக் கழித்தால் தப்பு வராமல் இருக்காது. அவர் கணக்கில் நாள் என்பது 1.00. சூரிய உதயம் பூஜ்யம். திதி முடிவு .40 என்றால் 24 நாழிகை, அதாவது 9 மணி 36 நிமிடம். உதயம் காலை 6 மணி என்று வைத்தால் பிற்பகல் 3.36. ஒரு புள்ளி, .01, என்பது 14.4 நிமிடம். கல்வெட்டு ஆய்வுக்கு அந்த அளவு துல்லியம் போதும். அதற்கு மேல் இலக்கம் சேர்த்தால் இடம்தான் வீண்.

உள்ளே வரும் டேட்டா எந்த வகையாக வேணும்னாலும் இருக்கட்டும், முதல் வேலையாக ஒரே வகைக்கு மாற்று. கணக்கு எல்லாம் அந்த வகையில் செய். கடைசியில் வெளியே அனுப்பும்போது கேட்கிறவருக்கு வேண்டிய வகையில் கொடு. பைட்டை உள்ளே வரும் வாசலில் எழுத்தாக்கு, வெளியே போகும் வாசலில் எழுத்தை பைட்டாக்கு என்று இன்னைக்கு நமக்குச் சொல்லிக் கொடுப்பதும் இதையேதான். அவர் தந்த தசமங்கள் கல்வெட்டு ஆய்வேடுகளில் நிரந்தரமாக இடம் பிடித்தன. திதிக்கு ஒரு பின்னம், நட்சத்திரத்துக்கு ஒரு பின்னம் என்று தேதிக்குப் பக்கத்தில் போடுவது வழக்கமானது.

இந்தப் பின்னம் எதுக்கு என்பதையும் சொல்லணும். நம்ம மரபில் நாளைக்குப் பெயர் தருவது சூரியன் உதிக்கும்போது நடக்கும் திதி. திதியோ 24 மணி நேரம் கிடையாது. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலக எடுக்கும் நேரம் அது. சில நேரம் 20 மணிக்கும் குறைவு, சில நேரம் 26 மணியைத் தாண்டும். ஒரு திதி இன்னைக்குக் காலை 10 மணிக்குத் தொடங்கி நாளைக் காலை 8 மணிக்கு முடிந்தால், உதய விதிப்படி அது நாளைய திதி. தர்ப்பணத்துக்குப் பார்க்கும் விதி வேறு, அதில் பிற்பகல் முக்கியம். கல்வெட்டு வெட்டியவர் எந்த நேரத்தை மனசில் வைத்து எழுதினார் என்று பார்க்க அந்தப் பின்னம்தான் உதவும். திதி, நாள் இரண்டும் வேறு வேறு வகை. ஒன்றை இன்னொன்றில் அப்படியே போட முடியாது.

கிழமைதான் செக்சம்

இத்தனை குழப்பத்துக்கும் நடுவில் ஒரே ஒரு விஷயம் அசையாமல் நிற்கும்: கிழமை. ராஜா மாறினாலும், நாட்காட்டி மாறினாலும் ஏழு நாள் சுற்று அறுந்ததே இல்லை. 1582-ல் போப் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தினபோது அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. பத்து தேதி காணாமல் போச்சு, கிழமை போகவில்லை. இங்கிலாந்து 1752-ல் மாறினபோதும் செப்டம்பர் 2 புதனுக்கு அடுத்து செப்டம்பர் 14 வியாழன்.

பாண்டியர் கல்வெட்டுகளில் ஆட்சி ஆண்டோடு சேர்த்து மாதம், பிறை, திதி, கிழமை, நட்சத்திரம் என்று பல விவரம் இருக்கும். நம்ம பக்கத்து ஆத்தூர் சோமநாத சுவாமி கோயில் மாதிரி தாமிரபரணிக் கரைக் கோயில்களில் இந்த மாதிரிக் கற்கள் உண்டு. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் வழி இது: முதலில் எழுத்தின் வடிவத்தையும் மெய்க்கீர்த்தியையும் வைத்து எந்த நூற்றாண்டு என்று எல்லை போடு. அந்த எல்லைக்குள் மாதம், திதி, நட்சத்திரம், கிழமை நாலும் பொருந்தும் நாட்களை அட்டவணையில் தேடு. கிடைக்கும் ஒவ்வொரு நாளிலிருந்தும் ஆட்சி ஆண்டைக் கழி. பட்டத்துக்கு வந்திருக்கக்கூடிய காலம் கிடைக்கும். அதே மன்னரின் பத்து, இருபது கல்வெட்டுகளுக்கு இதைச் செய்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக எந்தக் காலம் மிஞ்சுகிறது என்று பார். அதுதான் பேஸ் அட்ரஸ்.

1913-ல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் பாண்டியர் காலவரிசை பற்றி அவர் எழுதிய கட்டுரை இந்த வழியில் நடந்ததுதான். தென்னிந்தியக் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கைகளிலும் அவர் சரிபார்த்த தேதிகள் பின்னிணைப்பாக வந்தன. முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் 1216, முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் 1251, முதலாம் மாறவர்மன் குலசேகரன் 1268 என்று நாம பாடப் புத்தகத்தில் சாதாரணமாகப் படிச்சிட்டுப் போறோமே, அந்த எண்களுக்குப் பின்னால் கீல்ஹார்ன் தொடங்கி இவர் வரை பல பேரின் இந்த மாதிரித் தேடல் இருக்கு.

சில கற்களில் எதுவுமே பொருந்தாது. வளர்பிறை என்று வெட்டியிருக்கும், ஆனால் தேய்பிறை என்று எடுத்தால் கிழமையும் நட்சத்திரமும் கச்சிதமாக உட்காரும். அப்போது கல்தச்சர் தப்பு பண்ணியிருக்கார் என்று முடிவு பண்ணலாம். கிழமை மட்டும் கல்லில் இல்லாமல் போயிருந்தால் இந்தத் தப்பு தெரிந்தே இருக்காது. பேசாத கல்லைப் பிழைச் செய்தி காட்ட வைத்தது அந்தக் கிழமைதான்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கு. பொருந்தாத இடத்தில் எல்லாம் கல் தப்பு என்று சொல்லி, நமக்கு வேண்டிய மாதிரி திருத்திக்கிட்டே போனால் எந்தக் கல்லையும் எந்த வருஷத்துக்கும் பொருத்திடலாம். எக்செப்ஷன் வந்த இடத்தில் எல்லாம் கேட்ச் போட்டு, உள்ளே ஒண்ணும் எழுதாமல் விடுகிற நிரல் மாதிரி. ஓடும். ஆனால் நம்ப முடியாது.

சிலப்பதிகாரமும் பரிபாடலும்

அவர் முறையின் எல்லை எது என்பது இலக்கியத்தில் கை வைத்தபோது தெரிந்தது. சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த நாளுக்குக் குறிப்பு இருக்கு: ஆடி மாதம், தேய்பிறை அட்டமி, கார்த்திகை நட்சத்திரம், வெள்ளிக்கிழமை. இதைத் தன் கணக்கில் போட்டு அவர் எடுத்த ஆண்டு கி.பி. 756. பரிபாடலின் 11-ஆம் பாடலில் கோள்கள் நின்ற ராசிகள் வருகின்றன. அதுக்கு அவர் தந்த ஆண்டு 634.

தமிழறிஞர்கள் பலர் இதை ஏற்கவில்லை. விவாதம் ரொம்ப நாள் நடந்தது. சிலப்பதிகாரத்தை அதற்குப் பல நூற்றாண்டு முன்னால் வைக்கிறவர்கள் அதிகம். சங்க இலக்கியத்தின் காலமே இதில் அடங்கியிருந்ததால் விஷயம் சின்னது இல்லை.

நாம பொறியியல் கண்ணோடு பார்ப்போம். கணக்கு தப்பா? 756-ல் ஜூலை 23 வெள்ளிக்கிழமை, ஆடி மாதம், குறிப்புகள் பொருந்துகின்றன. கணக்கு சரி. ஆனால் மாதம், திதி, நட்சத்திரம், கிழமை என்ற நாலே நாலு விவரம் ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட முறை சேர்ந்து வரக்கூடியவை. கல்வெட்டில் எழுத்தின் வடிவம் நூற்றாண்டை முடிவு பண்ணிக் கொடுக்கும். காப்பியத்துக்கு அந்த உதவி இல்லை. ஏட்டில் திரும்பத் திரும்பப் படி எடுத்து வந்தது. அதைவிடப் பெரிய கேள்வி, கவிஞர் எழுதியது பஞ்சாங்கம் பார்த்து எழுதிய தேதியா, கதைக்குப் பொருத்தமாக அமைத்த தேதியா என்பது. சரியான வகையில் இருக்கும் டேட்டா எல்லாம் உண்மையான டேட்டா ஆகிவிடாது. வகைச் சோதனையில் தேறிய கோப்புக்குள்ளும் தப்பான நிகழ்வு இருக்கலாம்.

இதனால் அவர் மதிப்பு குறைந்துவிடவில்லை. தான் எந்தக் குறிப்பை எடுத்தார், எந்த அட்டவணையில் போட்டார், என்ன விடை வந்தது என்று எல்லாவற்றையும் திறந்து வைத்தார். அதனால்தான் எதிர்த்தவர்களும் அதே அட்டவணையை வைத்தே எதிர்வாதம் பண்ண முடிந்தது. மூலநிரலைத் திறந்து வைத்தவரிடம் பிழை கண்டுபிடிப்பது சுலபம். அது அவருக்குப் பெருமைதான்.

1925 செப்டம்பரில், சட்டமன்றத் தலைவராக இருக்கும்போதே காலமானார். அவர் பிறந்தது ரக்தாட்சி ஆண்டு. 60 ஆண்டுச் சுற்று முழுசா ஒரு தடவை முடிந்து, மறுபடி ரக்தாட்சி வந்து போய், குரோதன ஆண்டு நடக்கும்போது மறைந்தார். 60 ஆண்டுச் சுற்றை 1300 வருஷத்துக்கு அட்டவணை போட்டவருக்குக் கிடைத்தது அதில் சரியாக ஒரு சுற்றும் சில மாதங்களும்.

இன்னைக்கு நமக்கு என்ன?

அவர் அட்டவணை 2000-த்தோடு முடிந்துவிட்டது. இப்போ கணினி நொடியில் திதி சொல்லிடும். ஆனால் பிரச்சினை தீரவில்லை. நாட்டின் சக நாட்காட்டி 1957-ல் நடைமுறைக்கு வந்தது. மென்பொருள்களின் பொதுப் பட்டியலில் அதுக்கு இடம் இருக்கு. 2015-ல் வந்த ஆர்எஃப்சி 7529, கிரிகோரியன் அல்லாத நாட்காட்டிகளிலும் ஆண்டுதோறும் திரும்ப வரும் நிகழ்வை ஐசிஎஸ் கோப்பில் எழுத வழி தந்தது. சீன நாட்காட்டி, எபிரேய நாட்காட்டி எல்லாம் அதில் ஆகும். தமிழ் நாட்காட்டி அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது ஆண்டுதோறும் ஆடி அமாவாசை என்று ஒரே விதியாக எழுத முடியாது. ஒவ்வொரு வருஷமும் தேதியைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போடணும். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வந்து, திதி வேறு நாளில் விழும் வருஷத்தில் எதைப் போடுவது என்பது வேறு கேள்வி.

இறுதியாண்டுப் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறவங்களுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா என்று தெரியலை. செய்கிறவர்கள் மூணு விஷயம் மறக்காதீங்க. பைட் எது, எழுத்து எது என்று வாசலிலேயே பிரிச்சிடுங்க. மடிப்பைப் பிரித்த பிறகே எழுத்தாக மாற்றுங்க. நாள், நேரம், திதி மூணையும் மூணு தனி வகையாக வையுங்க. எந்த மாற்றம் செய்தாலும் கிழமையை வைத்துச் சரிபாருங்க.

அதுவரைக்கும் கையால் செய்து பார்க்க ஒரு சின்னக் கணக்கு. நம்ம தாலுகாக்களில் பல வீட்டுப் பெட்டிகளில் கொல்லம் ஆண்டு போட்ட பழைய பத்திரம் இருக்கும். ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை உள்ள தேதி என்றால் கொல்லம் எண்ணோடு 824 கூட்டுங்க. ஜனவரி பிறந்த பிறகு ஆடி முடிய என்றால் 825. கிடைக்கும் ஆங்கிலத் தேதிக்கு என்ன கிழமை என்று பாருங்க. பத்திரத்தில் எழுதிய கிழமையோடு அது ஒத்துப் போனால், ஓர் ஆவணத்தை நீங்களே சரிபார்த்து முடித்தாச்சு. ஒத்துப் போகவில்லை என்றால் விஷயம் இன்னும் சுவாரசியம். தப்பு உங்க கணக்கிலா, பத்திரம் எழுதியவரிடமா என்று கண்டுபிடிக்க உட்காருங்க. சுவாமிக்கண்ணுப் பிள்ளை வருஷக்கணக்கில் உட்கார்ந்த இடம் அதுதான்.